ஈஸ்டுக்கு ஒரு கூ

வாளியின் முன் நின்று அவர் வாயைத் திறந்தார்.

காற்றுதான் வந்தது.

பின்னேரம் மூன்று மணி. வெளியே இருட்டிவிட்டது. நோர்வேயில் மார்கழி பிறந்தால் சூரியன் விடுமுறையில் போய்விடும். போகிறேன் என்று சொல்லிக்கொள்வதும் கிடையாது.

வாளிக்குள், கிறிஸ்து பிறப்புக்குக் காய்ச்சும் நத்தார் பியர். இன்னும் பியர் ஆகவில்லை. முளைவிட்ட பார்லியைக் காய்ச்சி வடித்த இனிப்புத் தண்ணீர், அவ்வளவுதான். அவருடைய மனைவி திரேசம்மா கராம்பும் ஏலமும் கறுவாவும் இடித்துப் போட்டிருந்தாள். ஆட்டிறைச்சிக்குப் போடும் அளவில் போட்டிருந்தாள்.

பக்கத்து வீட்டு ஸீவெர்ட், மரவளையத்தில் காய்ந்து ஒட்டியிருந்த ஈஸ்டை உதிர்த்து உள்ளே விட்டார். பாட்டன் காலத்து ஈஸ்ட். பாட்டனைவிட நல்ல நிலையில் இருந்தது.

ஈஸ்ட் விழுந்ததும் கத்த வேண்டும். அந்தப் பக்கத்து வழக்கம். கத்தினால்தான் ஈஸ்ட் எழும்பும். எவ்வளவு சத்தமோ, குடித்தால் அவ்வளவு வெறி. காய்ச்சியவர்தான் கத்த வேண்டும். ஆள் மாறினால் ஈஸ்ட் குழம்பிவிடும்.

இத்தனை வருடமும் காய்ச்சியதும் கத்தியதும் ஸீவெர்ட். சித்திரையில் அவர் தொண்டைக் கட்டியை வெட்டினார்கள். குரலும் கட்டியோடு போய்விட்டது. இப்போது வாளி மூடியில் சோக்கட்டியால் எழுதித்தான் பேசுவார்.

இன்று விடியலிலிருந்து துடுப்புப் பிடித்துக் கிண்டிக் காய்ச்சியவர் திரேசம்மாவின் கணவர்.

ஸீவெர்ட் எழுதினார்: "அறுபத்தோராம் ஆண்டில் என் மாமன் கத்தவில்லை. அந்தப் பியரைக் குடித்த ஊர் ஈஸ்டர் வரைக்கும் நித்திரை. பாதிரியாரும்தான்."

துடைத்துவிட்டு மறுபடி எழுதினார்: "இது எனக்குக் கடைசி நத்தார்."

இரண்டில் எது பொய் என்று ஒருவரும் கேட்கவில்லை.

"ஒருக்கா கூக்காட்டி விடுங்கோவனப்பா," என்றாள் திரேசம்மா. "வெக்கப்பட ஈஸ்ட் என்ன உங்கட மாமியே?"

கலியாணம் கட்டி முப்பத்திரண்டு வருடம். அவர் சத்தம் போட்டு அவள் கேட்டதில்லை. தங்கமான மனுசன் என்று சனம் சொல்லும். அவரும் மறுத்ததில்லை.

திறந்திருந்த கதவுக்கு வெளியே, நிலத்துக்குள் நீளமாய் நுழைந்த கடல். அக்கரையில் மலை. எதைக் கேட்டாலும் திருப்பிச் சொல்லும் மலை. ஒருநாள் ஸீவெர்ட் தும்ம, மலையும் தும்மி, பிறகு மூன்று நாள் தடிமனில் கிடந்ததாம்.

மலையில் பிழையில்லை. கடல் மேல் மூடுபனியாய்ப் படுத்திருந்த புகார்தான் சரியில்லை.

அன்றும் இதே புகார்.

வேறு கடல், ஊரில். இரண்டு வள்ளம். ஒன்றில் அவர், மற்றதில் தம்பி செபமாலை. புகாரில் ஒரு வள்ளம் கூக்காட்டினால் மற்றது பதிலுக்குக் கூக்காட்ட வேண்டும். சத்தத்தைப் பிடித்துத்தான் கரைக்கு வருவது.

தம்பி கூக்காட்டினான்.

பக்கத்தில் எங்கோ கடற்படையின் ரோந்துப் படகு உறுமியது. சுட்டபிறகு பெயர் கேட்கும் காலம் அது. அவர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

மூன்று முறை கூக்காட்டினான்.

பிறகு இல்லை.

"எனக்கு ஒண்டும் கேக்கேல்லை," என்று கரையில் சொன்னார்.

ஸீவெர்ட் மூடியைத் தட்டினார். வாளி ஆறிக்கொண்டிருந்தது. சூடு போய்விட்டால் ஈஸ்டும் போய்விடும். கடைசி நத்தாரும் அதோடு சரி.

அவர் கண்ணை மூடினார்.

"கூ..."

தட்டிலிருந்து ஒரு போத்தல் விழுந்தது. திரேசம்மா சிலுவை போட்டுக்கொண்டாள்.

சத்தம் புகாருக்குள் போனது. அக்கரையைத் தொட்டது. திரும்பி வந்தது.

கூ.

"ஆரப்பா அங்கால?" என்றாள்.

அவர் கதவடிக்குப் போனார். வந்த கூவுக்குப் பதில் கொடுத்தார்.

மறுபடி வந்தது. கொடுத்தார்.

ஸீவெர்ட் மூடியைத் தூக்கிக் காட்டினார்: "ஒன்று போதும்."

மூன்றாவது வந்தது.

இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டார். இருந்த மூச்சு முழுவதையும் கொடுத்தார்.

காத்திருந்தார்.

தும்மலைக்கூட விட்டுவைக்காத மலை. ஒன்றும் சொல்லவில்லை.

ஸீவெர்ட் மூடியைக் கீழே வைத்தார். சோக்கட்டியையும் வைத்தார். பின்னால் வாளிக்குள் மெல்ல நுரைக்கும் சத்தம்.

குளிர் உள்ளே வந்துகொண்டிருந்தது. கதவைச் சாத்துங்கோ என்று திரேசம்மா சொல்லவில்லை.