சுளையில் உட்காராத ஈக்கள்

மாமனார் ஆஸ்பத்திரியிலிருந்து தானே ஆட்டோ பிடித்து வீடு திரும்பி இருபத்தாறு மணி நேரம் ஆகியிருந்தது. நாலு ஊர் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டதால் கடலூரிலிருந்து காரில் கிளம்பினோம். என் கணவர் அரசு ஓட்டினார். பக்கத்தில் அத்தை உட்கார்ந்துகொண்டார். பின்சீட்டில் மாமாவும் நானும்.

திருவதிகைக் கோயிலில் ஒரு பச்சை ஈ அவர் காதுக்குள் நுழைந்து வெளியே வந்தது. அவர் விரட்டவில்லை. பண்ருட்டியில் பலாப்பழம் அறுத்து வாங்கினோம். திறந்து கிடந்த சுளைகளை ஒரு ஈகூடத் தொடவில்லை. எல்லாம் மாமாவின் கண்ணோரத்திலும் உதட்டிலும் மொய்த்தன. நான் விலங்கியல் படித்தவள். அந்த ஈ எங்கே முட்டை வைக்கும் என்று எனக்குத் தெரியும்.

மாமா ஒரு சுளையை நீட்டினார். அவர் நகக்கண்ணில் நொய்யரிசி போல ஒன்று நெளிந்தது.

"மூஞ்சிய சுளிக்காத சுவாதி. தேன் மாதிரி இருக்கு பாரு."

வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். அவரிடம் எதையும் சொல்லிப் பழக்கமில்லை.

சிதம்பரத்தில் அவர் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது அத்தையிடம் போனேன்.

"அத்தை, திரும்பிப் போறப்ப நான் முன்னாடி உக்காந்துக்கறேன். மாமா மேல அந்த ஈ..."

"எனக்கு மட்டும் குமட்டலையா? பக்கத்துல உக்கார முடியலன்னுதான் காலைலயே முன்னாடி ஏறுனேன்" என்றார் அத்தை. "முந்தாநாளு ராத்திரியே செத்துட்டாரும்மா. கண்ண மூடிவிட்டதே நாந்தான்."