தொட்டிக்கு மூடி இல்லை

“நூல் வேகுற தொட்டிக்கு மூடி போடுங்க மொதலாளி” என்று எழிலரசி மூன்று முறை சொல்லிவிட்டாள். நெடுஞ்செழியன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நேற்று அவருடைய ஆரணி சாயப்பட்டறையில் எழிலரசியோடு வேலை செய்த ரோசம்மாள் வழுக்கி, அந்தக் கொதிநீரில் விழுந்து செத்துப்போனாள்.

விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டரிடம் எழிலரசி தானே முன்னால் போய் நின்றாள்.

“மூடி இல்லன்னு உனக்கு முன்னமே தெரியுமா?”

“தெரியும் சார். சொல்லிகினேதான் இருந்தேன். எந்தக் கோர்ட்டுல வேணா சொல்றேன்.”

“ஜீப்புல ஏறும்மா.”

“சாட்சி சொல்லவா சார்?”

“அலட்சியத்தால சாவு. உன் மேலதான் கேஸ்.”

அவர் காட்டிய காகிதத்தில் அவளுடைய கையெழுத்து இருந்தது. மூன்றாம் முறை சொன்ன அன்று, பி.எஃப். பதிவுக்கென்று முதலாளி வாங்கியது. மேலே அச்சிட்டிருந்தார்கள்: ‘தொழிலாளர் பாதுகாப்புக்கு முழுப் பொறுப்பு, எழிலரசி.’