முள் சாய்ந்த பக்கம்

சொர்ணாவின் மூளையிலிருந்த கட்டியை எடுத்தாகிவிட்டது. வயிற்றில் ஆறு மாதக் குழந்தையும் நலம். ஒன்பதாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். அவள் கணவன் தணிகைவேலுக்குத்தான் அவள் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை.

அறுவைச் சிகிச்சைக்கு முன்னால், மயக்க மருந்து கொடுக்கும் இயந்திரம் அவனிடம்தான் கேட்டது. உள்ளே நெருக்கடி வந்தால் யாரைக் காப்பாற்றும்படி மருந்தைக் கூட்டிக் குறைக்க வேண்டும்? திரையில் ஒரு முள். ஒரு பக்கம் தாய், மறுபக்கம் குழந்தை. நடுவில் நிறுத்திப் பார்த்தான்; நிற்கவில்லை. பதினோரு வருடம் கோயிலும் ஆஸ்பத்திரியுமாக அலைந்த பிறகு தங்கிய கரு. விரல் தானாக நகர்ந்துவிட்டது என்று பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். விரல் தானாக நகருமா?

நெருக்கடி எதுவும் வரவில்லை. ஆனால் டிஸ்சார்ஜ் தாளின் கடைசிப் பக்கத்தில் அவன் முள்ளை எந்தப் பக்கம் வைத்தான் என்பது அச்சாகியிருந்தது. அந்தப் பக்கத்தை மட்டும் உருவிவிடப் பார்த்தான்.

"அதுலதான் அவங்க கையெழுத்து போடணும், சார்" என்று நர்ஸ் பிலோமினா வாங்கிக்கொண்டாள்.

சொர்ணா தலைக்கட்டை ஒரு கையால் பிடித்தபடி நிதானமாகப் படித்தாள்.

"சிஸ்டர், இது தப்பா வந்திருக்கு. கணவர் சொன்னது குழந்தைன்னு போட்டிருக்கு. இவரு அப்படிச் சொல்லவே மாட்டாரு. வேணும்னா நீங்களே கேளுங்க."

பிலோமினா அன்றைக்கு அவன் பக்கத்திலேயே நின்றிருந்தவள்.

"எப்படித் திருத்தட்டும், சார்?"

"தாய்னு போட்டுடுங்க" என்றான்.

பிலோமினா அவன் முகத்தைப் பார்க்காமல் அடித்து எழுதிக் கொடுத்தாள். சொர்ணா அதன் கீழே கையெழுத்துப் போட்டாள்.