ஒதுக்கிய விண்ணப்பம்

"நேத்து நீங்க படிச்சது பதினொண்ணுதான், லொரெட்டா. மத்தவங்க எல்லாம் எழுபதைத் தாண்டிட்டாங்க."

சேர்க்கைப் பிரிவின் தலைவர் ரசல் குரலை உயர்த்தவில்லை. ஆனால் ஒரு முடிவோடுதான் அந்த மேசைக்கு வந்திருந்தார்.

மாசசூசெட்ஸில் ஐந்நூறே இடங்கள் உள்ள கல்லூரி அது. நுழைவுத் தேர்வு மதிப்பெண் கட்டாயமில்லை என்று அறிவித்ததிலிருந்து விண்ணப்பங்கள் மளமளவென ஏறி, இந்த ஆண்டு நாற்பதாயிரத்தைத் தொட்டுவிட்டன. படிக்க ஆள் பதினான்கு பேர். ஒன்றுக்கு எட்டு நிமிடம் என்று ரசல் விதித்திருந்தார். ஆள் பற்றாமல் அவரும் உட்கார்ந்து படித்தார்.

அறுபத்திரண்டு வயது லொரெட்டா மட்டும் எப்போது பார்த்தாலும் போனும் கையுமாக இருந்தார்.

"போன்ல யாரோட அவ்வளவு பேச்சு?"

"பள்ளிக்கூடங்களோட. வேண்டாம்னு ஒதுக்கினதை எல்லாம் திரும்பப் பாக்கறேன். ஏதாவது உறுத்துச்சுன்னா கூப்பிட்டுக் கேட்டுடறேன்."

"ஒதுக்கினா ஒதுக்கினதுதான். மார்ச் கடைசிக்குள்ள எல்லாருக்கும் பதில் போயாகணும். இந்த வேகத்துக்கு உங்களால ஈடு குடுக்க முடியலைன்னு தோணுது. ஓய்வு எடுத்துக்கறதைப் பத்தி யோசிங்க."

லொரெட்டா வாதாடவில்லை. அச்செடுத்த தாள் ஒன்றை அவர் பக்கம் நகர்த்தினார்.

"இதை மட்டும் பாத்துடுங்க."

டெசா லம்பர்ட். மேற்கு வர்ஜீனியாவில் ஒரு சுரங்க ஊர். எல்லாப் பாடத்திலும் உச்ச மதிப்பெண். கணக்கில் மட்டும் ஒரு பருவம் முழுக்க வெற்றிடம். கணக்கு ஆசிரியரின் பரிந்துரைக் கடிதமும் இல்லை. ஓரத்தில், முதலில் படித்தவர் தட்டச்சிட்ட குறிப்பு: 'அரைகுறை. வேண்டாம்.'

"கணக்கு வாத்தியார் நடுவுலயே வேலையை விட்டுப் போயிட்டாராம். நாலு மாசம் வேற ஆளே கிடைக்கலை. இருபத்தாறு பிள்ளைங்க மாநிலப் பரீட்சை எழுதணும். இந்தப் பொண்ணுதான் தினமும் பலகை முன்னாடி நின்னு பாடம் எடுத்திருக்கா. வகுப்பே தேறிடுச்சு. இவளுக்கு மார்க் போடத்தான் ஆள் இல்லை."

"கட்டுரையில இதைப் பத்தி ஒரு வரிகூட எழுதலையே?"

"அவளோட தலைமையாசிரியரும் இதைத்தான் அவகிட்ட கேட்டாராம். 'அது என்ன பெரிய விஷயமா'ன்னு சொன்னாளாம்."

ரசல் மறுபடி முதலிலிருந்து படித்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தேர்வுக் குழுகிட்ட இவளுக்காக நானே பேசறேன்," என்றார். "இதை ஒதுக்கின அவசரக்குடுக்கை யாரு?"

முதலில் படித்தவர் பெயர் இருக்க வேண்டிய மூலை கத்தரிக்கப்பட்டிருந்தது.

"அது எதுக்கு இப்போ?"

"எதுக்கா? நாலு பிள்ளைங்க வாழ்க்கை வீணாகறதுக்கு முன்னாடி அந்த ஆளை இந்த வேலையிலேர்ந்து தூக்கணும்."

"விட்டுடுங்க, ரசல்."

அவர் விடவில்லை. லொரெட்டாவின் கணினியைத் தன் பக்கம் திருப்பி, டெசாவின் பெயரைத் தட்டினார்.

முதலில் படித்தவர்: ரசல். எடுத்துக்கொண்ட நேரம்: நான்கு நிமிடம்.



லொரெட்டா மெல்லக் கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அன்னிக்கு உங்களுக்கு அது எழுபத்து மூணாவது," என்றார். "யாரா இருந்தாலும் கண்ணு அசந்துதான் போகும்."