பாணன் நிறுத்திய இடம்

பாணன் யாழை நிறுத்திவிட்டு இத்தெலைப் பார்த்தான்.

வேல்ஸ் மலைநாட்டில், அண்ணன் ஹவெலின் மாளிகைக் கூடம். கிறிஸ்துமஸ் விருந்து. வாத்து வறுவல் மணத்தது. வழக்கப்படி பாணன் வம்சாவளி பாடிக்கொண்டிருந்தான். முப்பாட்டனில் தொடங்கி, வீட்டில் கடைசியாகப் பிறந்த பிள்ளை வரை. பாட்டில் பெயர் வந்தால்தான் அந்தக் குடும்பத்துப் பிள்ளை. வராவிட்டால் யாரோ.

"மடோகின் மகன் இத்தெல், ஆயரின் வலக்கை..."

அவன் பெயர் வந்தாயிற்று. அடுத்தது அவன் மகள் அங்காரத்தின் பெயர்.

போன ராஜா காலத்தில் தேவாலயக் குருக்கள் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்றார்கள். குருவான அவனும் செய்துகொண்டான். புது ராணி வந்தாள். பெண்டாட்டி வைத்திருக்கும் குருவுக்குப் பதவி இல்லை என்றாள். அவனுடையதோ ஆயருக்கு அடுத்த நாற்காலி. லேசில் விட மனசு வருமா? மனைவி கத்ரினைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பினான். பெண்ணை, அண்ணன் மகள் என்று ஊருக்குச் சொல்லி இங்கே விட்டான்.

பக்கத்தில் லண்டனிலிருந்து வந்த விசாரணை அதிகாரி உட்கார்ந்து எலும்பைச் சப்பிக்கொண்டிருந்தார். பெண்டாட்டி பிள்ளைகளை ஒளித்து வைத்திருக்கும் குருக்களைத் தோண்டி எடுப்பதுதான் அவர் வேலை.

அந்தப் பெயர் பாணன் வாயிலிருந்து வந்தால் எல்லாம் போச்சு.

பொய்யாக அண்ணன் பெயரோடு சேர்த்துப் பாடவும் பாணன் ஒப்பமாட்டான். அவன் தொழிலில் அது பாவம்.

கூடமே இத்தெலைப் பார்த்தது. வீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் விஷயம் தெரியும். சமையலறை வாசலில் ஜாடியோடு நின்ற அங்காரத்தும் பார்த்தாள். போன வருஷம் தன் பெயர் வந்தபோது துள்ளிக் குதித்தவள்.

அவன் தலையை அசைத்தான்.

வேண்டாம்.

பாணன் அவள் பெயரை விட்டுவிட்டு அண்ணன் பிள்ளைகளின் பெயர்களுக்குப் போனான். அண்ணன் குனிந்து ரொட்டியைப் பிய்த்தார்.

பாட்டு முடிந்ததும் அதிகாரி கைதட்டினார். அவன் பக்கம் சாய்ந்தார்.

"அடடா, என்ன குரல்! எதைப் பத்திப் பாடினார்? உங்க வேல்ஸ் பாஷையில எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியாது."

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மதியத்திலிருந்து அந்த மனிதரோடு லத்தீனில்தான் பேசிக்கொண்டிருக்கிறான். அடப்பாவி, லத்தீனில்! அப்போதும் உறைக்கவில்லையே. பயத்தில் புத்தி புல் மேயப் போயிருந்தது. ஒன்றும் புரியாத காதுக்குப் பயந்து, பெற்ற மகளின் பெயரை மென்று விழுங்கியிருக்கிறான்.

முகம் எரிந்தது. யாரையும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"சும்மா... குடும்பத்துப் பேருங்கதான்," என்றான், தட்டைப் பார்த்துக்கொண்டு.

அங்காரத் வந்தாள். எட்டு வயதுக்கு அந்த ஜாடி கனம். இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அதிகாரியின் கோப்பையைச் சிந்தாமல் நிரப்பினாள்.

பிறகு அவனிடம் வந்தாள்.

இந்த வீட்டுக்குள் அவனை அப்பா என்று கூப்பிட அவளை யாரும் தடுத்ததில்லை. இன்று காலைகூட அப்படித்தான் கூப்பிட்டாள்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா, சித்தப்பா?"

வேல்ஸ் பாஷையில்தான் கேட்டாள்.