பச்சைக்கரையும் ஊதாக்கரையும்

எம்.எல்.ஏ. பொன்னரங்கத்தின் பீரோவில் பச்சைக்கரை வேட்டி ஒன்று இருந்தது. இரண்டு தேர்தலில் அவர் தோற்றபோதும், மூன்றாவதில் ஜெயித்தபோதும் இடுப்பிலேயே கிடந்த கட்சி வேட்டி. அன்று பத்து மணிக்கு, அவர் கட்சியின் ஆட்சி நிற்குமா கவிழுமா என்று சட்டசபையில் ஓட்டெடுப்பு. எட்டரைக்கு, எதிர்க்கட்சியின் ஊதாக்கரை வேட்டி கஞ்சி வாசனையோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

"நீ எங்கடா இங்கே?"

"அவர்தான் கூப்பிட்டார், அண்ணே. கொஞ்சம் தள்ளிப் படுங்க."

"போலீஸ் அடியில நான் கிழிஞ்சப்ப உன்னை நெய்யவே இல்லடா! அவர் என்னை விடமாட்டார்."

"பார்ப்போமே."

பீரோ திறந்தது. இன்று இடுப்பேறாவிட்டால் இனி என்றைக்கும் இல்லை. பச்சைக்கரைக்கு நூல் நூலாக நடுங்கியது. அவர் கை ஊதாக்கரையைத் தடவிவிட்டு, பச்சைக்கரையை உருவியது.

"வாசல்ல நம்ம கட்சிக்காரங்க காவல் நிக்கிறாங்க" என்று மனைவியிடம் முணுமுணுத்தபடி அதைக் கட்டிக்கொண்டார். ஊதாக்கரையை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

பச்சைக்கரைக்கு எதுவும் காதில் ஏறவில்லை. "பார்த்தியாடா!" என்று பையைச் சீண்டிக்கொண்டே படியிறங்கியது.

வாசலில் டிரைவர் தலையைச் சொறிந்தான். "ஐயா, கார் துடைக்கப் பழைய துணி ஒண்ணு வேணும்."

"பதினோரு மணிக்குத் தரேன்" என்றார் எம்.எல்.ஏ.