பெட்ரோல் போடப் போன வண்டி

சாயங்கால வெயில் குவார்ட்டர்ஸ் வாசலில் சாய்ந்து கிடக்கிறது. மைன்ஸில் ரிட்டயராகி வீட்டைக் காலி செய்யப் போகும் சிங்காரவேல், மனைவி செங்கமலம் இறந்த நாளிலிருந்து நாலு வருடமாகத் தொடாமல் போட்டிருந்த பழைய ஆர்.எக்ஸ். 100 பைக்கை விற்பதற்காக, கார்புரேட்டரைக் கழுவி, புது பிளக் போட்டு, மிதித்து மிதித்து உயிர் வரவழைத்திருக்கிறார். மட்கார்டின் அடியில் படிந்த நிலக்கரித் தூசி மட்டும் எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. "பெட்ரோல் போட்டுக்கினு வந்து ஆர்.சி. புக்க வாங்கிக்கறேங்க" என்கிறான், வண்டியை வாங்கியிருக்கும் முத்தாண்டிக்குப்பத்து பிரவின்குமார். "ரெண்டாவது கியர் முரண்டு பண்ணும், பாத்துப் போப்பா." வண்டி போன பின்னும் நீலப் புகை தெருவில் கொஞ்ச நேரம் நிற்கிறது. அவர் கேட்டைச் சாத்திவிட்டு, கட்டி வைத்த அட்டைப்பெட்டிகளைத் தாண்டிப் போய்க் கை கழுவுகிறார். சோப்பு நுரை கறுக்கிறது. அப்போது தெருமுனைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கமிருந்து அந்த வண்டிச் சத்தம் வருகிறது. திருப்பத்தில் கியர் குறைந்து, ஒருமுறை திக்கி, நெருங்குகிறது. முப்பது வருடம் அதன் மேலேயே உட்கார்ந்து வந்தவர் அவர். அது வீட்டை நோக்கி வருவது ஒருநாளும் அவர் காதில் விழுந்ததில்லை. விழுந்ததெல்லாம் செங்கமலத்தின் காதில்தான். ஷிப்ட் முடிந்து வரும்போது கேட் எப்போதும் திறந்தே இருக்கும். அது எப்படி என்று அவர் யோசித்ததே இல்லை. ஈரக் கையோடு விரைந்து போய்க் கேட்டை அகலத் திறந்து, ஓரமாக ஒதுங்கி நிற்கிறார். பிரவின்குமார் தெருவிலேயே நிறுத்துகிறான். இன்ஜினை அணைக்கவில்லை. "உள்ள வரலீங்க. புக்க குடுங்க, இருட்டறதுக்குள்ள வூட்டுக்குப் போயிடறேன்."